தம்பிக்காக அழுத சபை

கண்ணுங்களா, கடலோரம் நம்ம பிள்ளைச்சாவடியில் ஒரு மனிதன் ராஜாவானதை நான் கண்ணால் பார்த்தேன். சொல்கிறேன், கேளுங்கள்.

நெடுமாறன் பகலில் ஆட்டோ ஓட்டுவான். மாலையில் சுமலதாவின் நாடகக் குழுவில் ராஜா வேடம். கூடப் பிறந்த தம்பியையே கொல்லச் சொன்ன ராஜா. அந்த ஆணையைச் சொல்லும் இடத்தில்தான் அவன் தடுமாறினான். வசனம் வரும், ராஜா வரமாட்டான்.

"கொல்லச் சொல்றீங்களா, பால் பாக்கெட் வாங்கியாரச் சொல்றீங்களாண்ணே?" என்றாள் சுமலதா, அன்றைய ஒத்திகையில்.

"கொன்னான்னுதான் சரித்திரத்துல இருக்குது. அவன் மனசுல என்ன ஓடுச்சுன்னு யாரும்மா எழுதி வச்சா? எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். எனக்கு வரல."

"இன்னைக்கும் வரலன்னா, அடுத்த ஊர்ல வேற ஆளுதாண்ணே."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அந்த வேடம் அவனுக்கு உயிர்.

பொழுது சாய்ந்ததும் கோயில் திடலில் நாடகம் தொடங்கியது. தம்பி வேடத்தில் கலைவாணன். கையைக் கட்டி நிறுத்தியும் சிரித்த முகம். நெடுமாறன் எங்கள் பக்கம் திரும்பினான்.

"சபையோரே, இவனை நான் என்ன செய்யட்டும்?"

அங்கே மௌனம் என்றுதான் சுமலதா எழுதியிருந்தாள். டவுன் அரங்கில் அது நடக்கும். எங்கள் சனம் கூத்துப் பார்த்து வளர்ந்தது. ராஜா கேட்டால் பதில் சொல்லாமல் இருக்குமா?

"உட்டுடு ராஜா, பச்சப்புள்ள!" என்று எழுந்தாள் மீன் விற்கும் அஞ்சலாட்சி.

"உன்னவிட நல்லவன்யா அவன்!" பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் திடலே கெஞ்சத் தொடங்கியது. பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

நெடுமாறன் எங்களை முகம் முகமாகப் பார்த்தான். ஒரு கண்ணும் அவன்மேல் இல்லை. அவன் தாடை இறுகியது, பிறகு தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியைப் பார்த்துத்தான் எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. தணிந்த குரலில், ஏறக்குறைய அன்பாகச் சொன்னான்:

"கொண்டு போங்கள்."

கடல் மட்டும் இரைந்தது. நாம் கெஞ்சாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

நாடகம் முடிந்ததும் சுமலதா ஓடிவந்தாள். "எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

"அத்தன பேரும் அவனுக்காக அழுதாங்கம்மா. என்னை ஒருத்தரும் பாக்கல. அவன் உசுரோட இருக்கிற வரைக்கும் நான் ராஜாவே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"அடுத்த ஊர்லயும் நீங்கதாண்ணே ராஜா."

அவன் சிரிக்கவில்லை. "அங்கயும் சனம் அவனுக்காகத்தான் அழுவும்" என்றான்.

பக்கத்தில் நின்றிருந்த கலைவாணன், கண்ணுங்களா, ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.