ஒரு சொல் கட்டளை

கறுப்புத் திரையில் அவள் ஒரே ஒரு சொல்லை அடித்து என்டரைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தின் இணையதளம் நகலெடுக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, ‘சரி’ என்று வந்தது. அடுத்தது மரக்கடை. அதற்கடுத்தது பல் மருத்துவர். முப்பத்திரண்டு தளங்கள், தளத்துக்கு ஒரு சொல். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நீள வரிகளை அடிப்பாள். கணவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, ஒரு சொல்லை அடித்தால் அந்த வரிகள் எல்லாம் தானாக ஓடும்படி இந்தச் சுருக்கங்களை எழுதிக்கொண்டாள். பார்வை நேரம் ஐந்திலிருந்து ஆறு வரைதான். நாளைக் காலை அவனுக்கு ஆபரேஷன்.

நாலேகாலுக்கு முப்பத்திரண்டும் முடிந்தது. பையை எடுத்தபோது மேற்பார்வையாளர் பின்னால் நின்றார்.

“கிளம்பியாச்சாம்மா? உங்க கட்டத்தப் பாத்தீங்களா?”

யார் எத்தனை முறை விசையைத் தட்டினார்கள் என்று காட்டும் கட்டம் திரையின் மூலையில் இருந்தது. அவளுடையது சிவப்பு. அறுநூற்றுப் பத்து.

“வேலை முடிஞ்சிடுச்சு சார். எல்லா சைட்டும் ஓடுது.”

“சைட்டு ஓடுது. நீங்க ஓடலயே.”

பக்கத்து இருக்கையில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தவனைத் ‘தந்தி’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: “நான் தப்புத் தப்பா அடிச்சே ஒன்பதாயிரத்தத் தாண்டிடுறேன்க்கா. புத்திசாலியா இருந்தா இப்படித்தான்.”

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. “மூணு நாளா சிவப்பு. இன்னிக்கும் சிவப்புன்னா வேலைய விட்டு எடுக்குற லிஸ்டுல உங்க பேரு தானா ஏறிடும். என் கையில இல்லம்மா. ஆறு மணிக்குள்ள ஐயாயிரம் காட்டுங்க. சும்மா தட்டினா எண்ணாது, கட்டளையா ஓடணும்.”

“நாளைக்கு அவருக்கு ஆபரேஷன் சார்.”

“அதனாலதான் சொல்றேன். இந்த நேரத்துல வேலையும் போச்சுன்னா?”

அவள் பையைக் கீழே வைத்தாள். சுருக்கங்கள் இருந்த கோப்பைத் திறந்து, அதிலிருந்த நீள வரிகளைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். நகலெடுத்து ஒட்டினால் கணக்கில் ஏறாது.

ஐந்தரைக்குக் கணவன் போன் செய்தான்.

“கிளம்பலையா?”

“இல்லங்க.”

“வேலை முடியலயா?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த வரியை அடித்தாள். “முடியல. நீங்க எதையாவது நினைச்சுட்டு இருக்காதீங்க. தூங்குங்க.”

ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருபத்தாறாவது தளம். கடைசி வரியை எழுத்தெழுத்தாக அடித்து என்டரைத் தட்டினாள்.

‘புதுப்பிக்க எதுவும் இல்லை’ என்றது திரை.

நாலாயிரத்து இருநூற்று ஐம்பது. கட்டம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அவள் இருபத்தேழாவது தளத்தின் முழு முகவரியை அடிக்கத் தொடங்கினாள்.