ஹெட்டியின் மணி

பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மணிச் சத்தம் ஒரு கொண்டாட்டம். புல்வெளியில் நின்று, கையில் ஐஸ்கிரீம் உருக, அண்ணாந்து பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடித்துப் போய்விடுவார்கள். கோபுரத்துக்கு அடியிலேயே குடியிருக்கிறவர்கள் பாடு வேறு. கதவைச் சாத்தினாலும் காதைப் பொத்தினாலும் அது உள்ளே வந்தே தீரும். மேவிஸுக்கு இப்போது அதுதான் பயம்.

அவள் மகள் ஹெட்டி பள்ளிக்கூட வயதிலிருந்து அந்தக் கோபுரத்தில் மணி இழுத்தவள். அப்பா வில்ஃபிரெட்தான் மணிக்காரர்களுக்குத் தலைவர். அத்தனை மணிகள் சேர்ந்து அடித்தாலும் ஹெட்டியின் மணி எது என்று மேவிஸுக்கு அடுக்களையில் இருந்தபடியே தெரியும். அது ஓய்ந்ததும் கெட்டிலை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அப்பாவும் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டே வந்து சேர்வார்கள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு ஹெட்டி போய்விட்டாள். ரத்தப் புற்றுநோய். போகிற வயசா அது?

சாவுக்கு அடிக்கும்போது மணி நாக்கின் ஒரு பக்கத்தில் தோல் கட்டுவது வழக்கம். ஒரு அடி கணீரென்று விழும், அடுத்த அடி போர்வைக்குள் அழுகிற மாதிரி அமுங்கிப்போகும். வியாழக்கிழமை ஹெட்டியை அடக்கம் செய்தபோது அப்படித்தான் அடித்தார்கள். சனிக்கிழமை ஒரு கல்யாணம். அதற்குள் தோல்களை அவிழ்க்க வேண்டியது தலைவரின் வேலை.

சனிக்கிழமை காலை டோஸ்ட்டைத் தொடாமலே மேவிஸ் கேட்டாள்.

"அவ மணியில மட்டும் தோலை அவிழ்க்காம விட்டுடு வில்ஃப்."

"கல்யாணத்துக்கா?"

"அது பழையபடி அடிச்சா, அவ வர்றான்னு நெனச்சுடுவேன். என்னால தாங்க முடியாது."

வில்ஃபிரெட் வழக்கத்தை மீறாத மனுஷன். ஆனால் பெற்றவள் கேட்கிறாளே. சரி என்று தலையாட்டினார். மேலே போய் மற்ற மணிகளின் தோல்களை எல்லாம் அவிழ்த்தார், ஹெட்டியின் மணியை மட்டும் அப்படியே விட்டார். பழி வேறு யார் மேலும் விழக்கூடாது என்று அந்தக் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்தார்கள். மணிகள் முழங்கின. பக்கத்துக் கயிறு ஐவியுடையது. கடைத்தெருவில் டீக்கடை வைத்திருப்பவள், வாய் சும்மா இருக்காது.

முதல் சுற்று முடிந்ததும், "என்ன வில்ஃப், உன் மணிக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய மணி என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுழற்படியில் மூச்சு வாங்குகிற சத்தம். கோட்டில் பூ குத்திய ஒருவர் ஏறி வந்தார். பெண்ணின் தகப்பனார், பிரிஸ்டல்காரர்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரு மணி மட்டும் அமுங்கிக் கேக்குது. 'யாராச்சும் செத்துட்டாங்களாப்பா'ன்னு எம்பொண்ணு கேக்குறா. கட்டினா இந்தக் கோயில்லதான்னு அடம்பிடிச்சு வந்தவ. எனக்கு ஒரே பொண்ணு சார்."

ஐவி வாயைத் திறந்தாள். வில்ஃபிரெட் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

செத்தது என் பெண் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு இறங்கிப் போயிருப்பார். ஆனால் அந்தப் பெண்ணின் கல்யாண நாளில் ஒரு சாவு காலம் பூராவும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வில்ஃபிரெட்டுக்கு மனசு வரவில்லை.

"தோல் ஒண்ணு அவிழ்க்காம நின்னுபோச்சு. தப்பு என்னோடதுதான். கொஞ்ச நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

அடிக்கிற நாளில் அங்கே மணிகளைத் தலைகீழாக, வாய் மேலே பார்க்க நிறுத்தியிருப்பார்கள். கொஞ்சம் அசைந்தாலும் சுழன்று விழும், நடுவே நுழைந்தால் ஆள் மிஞ்ச மாட்டான். அதனால் கயிற்றை இழுத்து இழுத்து எல்லாவற்றையும் முதலில் வாய் கீழே தொங்கும்படி இறக்கினார்கள். பிறகு வில்ஃபிரெட் தனியாக மேலே போனார். தோலைப் பிடித்திருந்த கொக்கியைக் கழற்றினார். ஜில்லென்றிருந்த மணியில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதார். கீழே எல்லோருக்கும் கேட்டது. கேட்காத மாதிரி அவரவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுபடி அடித்தபோது ஹெட்டியின் மணி ஊர் முழுக்கக் கணீரென்று கேட்டது. புல்வெளியில் ஓவென்று கைதட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனாலும் எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம்தான் வருகிறது. வில்ஃபிரெட் ஒரு அடிகூடப் பிசகாமல் கடைசி வரை இழுத்தார்.

இறங்கி வரும்போது கேமராவோடு ஒரு தம்பதி அவரை மறித்தார்கள். "இங்க டீ எங்கங்க நல்லாயிருக்கும்?" ஐவியின் கடையைக் கை காட்டிவிட்டு நடந்தார். மேவிஸிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தார். நாலு வீடு தள்ளியிருக்கிற வீட்டுக்கு எத்தனை யோசித்துவிட முடியும்?

வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே கெட்டில் கூவிக்கொண்டிருந்தது, நிறுத்த ஆளில்லை. மேவிஸ் நிலைப்படியில் நின்றாள். காலையில் வாடியிருந்த முகம் தெளிந்திருந்தது. அவர் நெருங்கியதும் அவருக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"நீ மட்டுமா வர்ற?" என்று கேட்டாள்.