சாராளின் பிடரிக்குப் பின்னால்

1968 மே பதிமூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு, இரும்புலியூர் தேவானந்தம் தன் மனைவி சாராளின் மேல் வீசிய வெட்டரிவாள் அவள் பிடரிக்கு ஒரு முழம் பின்னால் வந்து காற்றில் நின்றது. கூட இருந்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த வீட்டில் கோபத்தில் எறிந்த பொருள் போய்ச் சேர்வதில்லை என்பது தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் தெரிந்த சங்கதி. வீட்டைக் கட்டிய பெரியவர், அதாவது தேவானந்தத்தின் அப்பா, 1953-ல் ஒரு இஸ்திரிப் பெட்டியைத் தன் கடைசி மகன் சுந்தர்சிங்கின் மேல் எறிந்தார். பெட்டி அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, மூன்று நாள் அவனோடு பள்ளிக்கூடம் போய் வந்தது. நாலு பேர் பிடித்து இழுத்தும் அசையவில்லை. நாலாம் நாள் பெரியவர் மகனைக் கூப்பிட்டு, "தப்புதான்டா, மன்னிச்சுக்கோ" என்றார். பெட்டி தொப்பென்று விழுந்து சிமெண்டுத் தரையைப் பெயர்த்தது. எறிந்தவர் எறியப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். டம்ளர், செருப்பு, மரச்சட்டம் என்று அந்த வீட்டில் எத்தனையோ தொங்கி, எத்தனையோ விழுந்திருக்கின்றன. பெரியவர் மகா கோபக்காரர், ஆனால் கேட்டுவிடுவார். பிள்ளைகள் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர் 1965-ல் காலமாகிவிட்டார்.

அந்த வாரம் சனிக்கிழமை பெரியவரின் கடைசிப் பெண் தபீதாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அனகாபுத்தூர் எலியேசர், பள்ளி ஆசிரியர். பெரியவர் இல்லாததால் மூத்த மகன் என்ற முறையில் பொறுப்பெல்லாம் தேவானந்தத்தின் தலையில், அதாவது சாராளின் தலையில். வேலூரிலிருந்து அடுத்த தம்பி லாசரஸ், திருச்சியிலிருந்து சுந்தர்சிங், இவர்களுக்கெல்லாம் மூத்த அக்கா நர்ஸ் ரத்தினபாய், அவரவர் பெண்டு பிள்ளைகள், மாமனார் மாமியார் என்று ஞாயிற்றுக்கிழமையே வீட்டாரோடு சேர்த்து முப்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். மூன்று அறை, ஒரு மேஜை ஃபேன், ஒரு கிணறு. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திங்கள் காலை கொல்லையில் பந்தலுக்குத் தென்னை மட்டை சீவிக்கொண்டிருந்த தேவானந்தம், மாப்பிள்ளை வீட்டாரில் நாற்பது பேரை வெள்ளிக்கிழமையே வந்து தங்கச் சொல்லியிருப்பதாகத் தம்பிகளிடம் பெருமையாகச் சொன்னான். குடத்தோடு நின்ற சாராள், "வரச் சொல்றது நீங்க, தண்ணி இறைக்கிறது நானா? கிணத்துல சேறுதான் வருது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் உலை பொங்குகிறதே என்று திரும்பி நடந்தாள். லாசரஸ் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அரிவாள் பறந்தது. சாராளுக்கு அப்போது முப்பத்துநாலு வயது, மூன்று பிள்ளைகள்.

அவள் உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். அவள் திரும்பியபோது அரிவாளும் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போயிற்று. குனிந்தால் குனிந்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது. வெயிலில் கிணற்றடிக்குப் போனால் இரும்பு சுட்டு அதன் அனல் கழுத்தில் அடித்தது. பின்னால் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் பழக்கமுள்ள கடைசிப் பிள்ளையை மிரட்டி, முன்பக்கமாகவே வரும்படி பழக்கினாள். முப்பத்தொரு பேருக்கு மூன்று வேளையும் சமைத்தாள். பாத்திரம் தேய்க்க வந்த எல்லம்மாதான் உரக்கக் கேட்டவள்: "இன்னாம்மா இது, கயுத்தாண்ட அருவா கீது, நீ பாட்டுக்கு மாவு ஆட்டிகினு கீறே! ஐயா ஒரு வார்த்த சொன்னா வுயுந்துரும்ல?" சொன்னால் விழுந்துவிடும்தான். செவ்வாய்க்கிழமை காலை சாராள் அவன் காபியைக் கையில் கொடுத்து, "என்னங்க, ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பிள்ளைங்க பயப்படுது" என்றாள். "பத்து பேர் எதிர்ல என் மானத்தை வாங்கினவ நீ. கேக்கறதா இருந்தா நீ கேளு" என்றான் தேவானந்தம். அவள் கேட்டாள். காலைத் தொட்டும் கேட்டாள். எறிந்தது அவள் இல்லையே, அரிவாள் இம்மியும் அசையவில்லை. அவன் காபியைக் குடித்துவிட்டுப் பத்திரிகை எடுத்துக்கொண்டு போனான். ரயில்வே ஆபீசில் தலைமை குமாஸ்தா, பொம்பளையிடம் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

மூத்தவன் எறிந்ததைப் பார்த்த மற்றவர்களுக்குக் கை துறுதுறுத்தது. இருந்த ஒரே மேஜை ஃபேன் யார் தலைமாட்டில் இருப்பது என்று செவ்வாய் மத்தியானம் லாசரஸுக்கும் சுந்தர்சிங்குக்கும் வந்த சண்டையில் லாசரஸின் முன்பல் ஒன்று உடைந்தது. கையால் அடித்த அடியெல்லாம் அந்த வீட்டில் ஒழுங்காகப் போய்ச் சேரும், எறிவதற்குத்தான் அந்தத் தடங்கல். பல்லைத் துப்பிய லாசரஸ் ஃபேனையே தூக்கித் தம்பியின் மேல் எறிய, அது வயரோடு அவன் வலது காதுப் பக்கம் நின்றது. புதன்கிழமை சுந்தர்சிங் அம்மிக் குழவியை எறிந்தான், அது லாசரஸின் விலாவுக்கு நேரே நின்றது. வியாழனன்று, கல்யாணச் சேலையின் ஜரிகை மட்டம் என்று சொன்ன தபீதாளின் மேல் சேலையை வாங்கி வந்த ரத்தினபாய் முக்காலியை வீசினாள். மச்சினன்மாரும் பிள்ளைகளும் தங்கள் பங்குக்கு எறிந்ததையும் சேர்த்தால், வெள்ளிக்கிழமை காலையில் பதினேழு சாமான்கள் அந்தரத்தில் இருந்தன. சாப்பாட்டுப் பந்தியில் இருவருக்கு நடுவே ஒரு குழவி உட்கார இடம் விட வேண்டியிருந்தது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அவன் முதலில் கேட்கட்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வர வேண்டும். அவர்கள் கண்ணில் இதெல்லாம் படக்கூடாது. வேலூர் சபையில் மாதம் ஒருமுறை பிரசங்கம் செய்கிற லாசரஸ்தான் வழி சொன்னான். ஒவ்வொருத்தரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாம், எல்லோருமாக முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முன்னால் சபையில் சொல்கிற பாவ அறிக்கையை ஒரே குரலில் சொல்லிவிடுவோம், மொத்தமாகத் தீர்ந்துவிடும் என்றான். அறுபது வருஷமாக ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஆண்டவரிடம் கேட்பதில் யாருக்கும் மானக்குறைச்சல் இல்லை, அதில் எதிராளி பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. தேவானந்தத்துக்கு மட்டும் முகம் கடுத்தது. வீட்டுக்கு மூத்தவன் நான் இருக்க ஜெபத்தை நடத்த நீ யார் என்று கேட்டான். ஆனாலும் மணி ஐந்தாகிவிட்டதால் மற்றவர்களோடு கூடத்தில் முழங்கால் போட்டான். சாராள் அவன் பக்கத்தில். லாசரஸ் ஆரம்பிக்க, முப்பது குரலும் மனப்பாடமாகத் தொடர்ந்தன. சிந்தையிலும் சொல்லிலும் செய்கையிலும் செய்த பாவங்களைச் சொல்லி, கடைசியாக ஆமென் என்றார்கள்.

எறிந்த சாமான்களில் பதினாறு, விட்ட இடத்திலிருந்து, எறிந்த வேகத்திலேயே கிளம்பிப் போய்ச் சேர்ந்தன. குழவி லாசரஸின் மூன்று விலா எலும்பை முறித்தது. ஃபேன் சுந்தர்சிங்கின் வலது காதைப் பாதிக்கு மேல் அறுத்துக்கொண்டு சுவரில் போய் மோதிற்று. முக்காலி தபீதாளின் நெற்றியைப் பிளந்தது. மச்சினன் ஒருவனுக்கு முழங்கை, பிள்ளைகள் நாலு பேருக்குத் தலை. கூடத்துத் தரையில் காலை வைத்தால் வழுக்கியது, அவ்வளவு ரத்தம். முக்காலியை எறிந்த ரத்தினபாயே பஞ்சும் துணியும் கொண்டுவந்து, வாய்விட்டு அழுதுகொண்டே தங்கைக்குக் கட்டுப் போட்டாள். சாராள் கண்ணை இறுக மூடி, கழுத்தைக் குனிந்து கொடுத்தபடியே வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். அரிவாள் வரவில்லை. ஜெபம் முழுவதும் பக்கத்தில் தேவானந்தத்தின் குரல் கேட்கவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. தம்பி சொல்லித் தான் சொல்வதா என்று அவன் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். எழுந்து நின்று அவன் அவளைப் பார்த்தான், பிறகு அரிவாளைப் பார்த்தான். ஆண்டவரிடம் கேட்டால் அது அவள் தலையை எடுத்துவிடும், அவளிடம் கேட்டால் கீழே விழும். வீட்டில் எல்லோருக்கும் இது இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது. "மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்திடும், தரையைக் கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. தபீதாள் நெற்றிக்கட்டின் மேல் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். லாசரஸ் நாற்காலியோடு தூக்கி வரப்பட்டான். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டி எல்லோரையும் செருப்பை வெளியே விடச் சொன்னான், அரிவாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அதை ஏற இறங்கப் பார்த்து, இது பெண்ணோடு நம் வீட்டுக்கு வருமா என்று மட்டும் விசாரித்தாள். வராது என்றதும் நிம்மதியாகப் பாயசம் சாப்பிட்டாள். பீடத்தருகே நின்ற பாதிரியார் அசரியா ஐயர் வயதில் சிறியவர், அந்த சபைக்குப் புதியவர். பெண்ணை ஒப்புக்கொடுக்க வந்த அண்ணன் எந்த ஜெபத்துக்கும் உதட்டை அசைக்கவில்லை என்பதை அவர் கவனித்தார், ஏதோ மனவருத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒன்பது வருடம் தேவானந்தம் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய், வாயை இறுக்கி மூடியபடி உட்கார்ந்து, திருவிருந்து எடுக்காமல் திரும்பி வந்தான். மனைவியின் உயிருக்காகத் திருவிருந்தையே விட்ட மனுஷன் என்று தாம்பரத்தில் அவனுக்கு நல்ல பெயர் ஏற்பட்டது. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இதை எழுதுகிற எனக்கு எரிகிறது. எல்லம்மா ஒருநாள் அதை வந்து சொன்னபோது சாராள், "என்னைக் காப்பாத்த அவ்வளவு கஷ்டம் எதுக்கு எல்லம்மா? ஒரு வார்த்தை போதுமே" என்று சொல்லிவிட்டு அரிசி களைந்தாள். அரிவாள் மழைக்காலத்தில் துருப்பிடித்தது. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய மகள் அதற்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவினாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தட்டம்மை, ஒரு மகளுக்குக் கல்யாணம் எல்லாம் அதன் கூடவே நடந்தன. சாராள் ஒரு நாளும் மல்லாந்து படுத்துத் தூங்கவில்லை.

1977 மே மாதம் தேவானந்தம் ஈரல் வீங்கிப் படுத்தான், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தம்பிகளும் அக்காவும் தபீதாளும் வந்து வீடு மறுபடி நிறைந்தது. கடைசித் திருவிருந்து கொடுக்க அசரியா ஐயர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு மத்தியானம் வந்தார். பாவ அறிக்கையை அவர் தொடங்குமுன் தேவானந்தம் கையைத் தூக்கி நிறுத்தினான். தலையைத் திருப்பிச் சாராளைப் பார்த்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள், அவளுக்குப் பின்னால் அது நின்றது. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, உதடு அசைந்தது. சாராள் குனிந்து காதை அவன் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். "இங்கதான் இருக்கேன், சொல்லுங்க" என்றாள். வெகுநேரம் கழித்து அவன், "தண்ணி" என்றான். அவள் கொடுத்தாள். மூன்று மணிக்கு உயிர் போயிற்று. எறிந்தவனே போன பிறகு விழுந்துவிடும் என்று லாசரஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். விழவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபின் அசரியா ஐயர் அவளைத் தனியே அழைத்தார். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும், மனது பொறுக்கவில்லை. "அம்மா, அவர் மனசுல கேட்டிருப்பார். நீங்க மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இறங்கிடும்னு எனக்குத் தோணுது" என்றார். சாராள் குழியைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அவள் முகத்தில் கோபம் ஏறியது, அதைப் பார்த்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். "கேட்டாத்தானே ஐயா சொல்லணும்? இங்க கேக்கலை. போற இடத்துல நானும் வருவேன், அங்க கேக்கட்டும். அப்போ சொல்றேன்" என்றாள். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, மெயின் ரோட்டில் நின்று, இரும்புலியூர் போகிற பஸ்ஸில் ஏறினாள். கூட்டம் அதிகம். கண்டக்டர் அம்மாவுக்குப் பின்னால் ஒரு முழம் இடம் விடச் சொல்லி ஆட்களை நகர்த்தி நிறுத்தினார். டிக்கெட் ஒன்றுதான் கிழித்தார்.