வெங்கடம்மாளின் ராஸ்பெரி வேலி

8 நவம்பர் 1956, வியாழன்.

ராஸ்பெரி இலைகளில் கண்ட மஞ்சள் தேமலை நேற்று வெயில் சூடு என்று எழுதியிருந்தேன். தவறு. அது வைரஸ் நோய். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற எனக்குச் செடியைப் பற்றி எழுதத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

இன்று விவசாய அதிகாரி பேரிகை ஊரிலுள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்து வரிசை வரிசையாக இலைகளைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பச்சை அசுவினிப் பூச்சிகள் அப்பியிருந்தன. பழம் பறிக்கும் பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுக் காத்து நின்றார்கள்.

"இந்தப் பூச்சிதான் நோயைக் கொண்டுவருது. பக்கத்துல எங்கியோ நோய்ச் செடி இருக்கு" என்றார் அதிகாரி.

மேஸ்திரி கரியப்பன் ஓடைக்கு அப்பால் கையை நீட்டினான். அங்கே, பறிக்கிற பெண்களில் ஒருத்தியான வெங்கடம்மாளின் கேழ்வரகு வயலைச் சுற்றி, ராஸ்பெரி இடுப்புயர முட்புதராக நின்றது. கேழ்வரகு கதிர் பிடித்திருந்தது.

கூட வந்திருந்த தோட்ட முதலாளி அவளிடம் திரும்பினார். "எரிக்க வேண்டிய செடியத் திருடிட்டுப் போயி வேலி போட்டியா?"

அவள் முள் கீறிய கைகளை முந்தானையில் துடைத்தாள்.

"திருடலீங்க சாமி. ரெண்டு வருசம் முந்தி நோவுச் செடியப் புடுங்கிட்டுக் கூலி கேட்டம். 'செடிய எடுத்துட்டுப் போங்க, வேலிக்கு ஆவும்'னு நீங்கதான் சொன்னீங்க."

"காய்ஞ்ச முள்ளாப் போடுவேன்னு நெனச்சேன். நட்டு வளப்பேன்னு கண்டனா?"

"வேரோட இருந்துச்சு. நட்டேன், புடிச்சிக்கிச்சு."

"வாங்குனியேடி ஒரு கூலி, அதுக்கும் சீக்கு" என்று பக்கத்தில் நின்ற சரசம்மா முணுமுணுத்தாள். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அதிகாரி வேலியைப் பார்த்தபடியே சொன்னார்: "முதல்ல மருந்து அடிச்சு பூச்சியக் கொல்லுங்க. அப்புறம் பிடுங்கி எரிங்க. சும்மா பிடுங்கினா பூச்சி நல்ல செடிக்குத் தாவிடும்."

"கதிரு முத்துற வரைக்கும் வுடுங்க சாமி. வேலி போனா ஊரு ஆடு மொத்தமும் பூந்துடும். வருசம் பூரா களிக்கு எங்களுக்கு அதான் இருக்குது."

"அதுக்குள்ள என் தோட்டமே போயிடும்" என்றார் முதலாளி.

"அப்ப அறுக்கற வரைக்கும் நாந்தான் வேலியா நிக்கணும்."

"நில்லு. யாரு வேணாம்னது?" அவர் கரியப்பன் பக்கம் திரும்பினார். "இவ வரிசைக்கு வேற ஆளப் பாரு."

வெங்கடம்மாள் கூடையிலிருந்த பழத்தைச் சரசம்மாவின் கூடையில் கொட்டினாள். வெறுங்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடையில் இறங்கினாள்.

நாளை: விடிந்ததும் வேலிக்கு மருந்து. பிறகு பிடுங்குவது. எரிக்க இரண்டு டின் மண்ணெண்ணெய் நான் எடுத்துப் போக வேண்டும்.