மேற்கு நோக்கிய மிதிகற்கள்

மூன்றாண்டுப் படிப்புக்கு இரண்டாயிரம் ரூபாய். அந்த மூன்றாண்டில் இழக்கும் கூலி மூவாயிரத்து அறுநூறு. எல்.சி.இ. என்ற கட்டடப் பொறியியல் படிப்பை முடித்து ஓவர்சியரானால் மாதம் நூற்றைம்பது வரும். கொத்தனார் வேலையில் இப்போது நூறு வருகிறது. போட்டது திரும்ப ஒன்பது ஆண்டு நான்கு மாதம் ஆகும் என்று நாகராசு கணக்கிட்டிருந்தான். கணக்கில் பிழையில்லை. ஆயினும் பாலிடெக்னிக் விண்ணப்பத்தை அனுப்புவதா, கிழிப்பதா என்பது முடிவாகவில்லை. கடைசித் தேதிக்கு ஆறு நாளே இருந்தது.

முடிவைத் தடுத்தது கணக்கன்று. அவன் தாய்மாமன் மகன் குழந்தைசாமி. இருவரும் வல்லத்திராக்கோட்டையில் பிறந்து, ஒரே ஆண்டில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள். கணிதத்தில் நாகராசுவுக்குப் பதினொரு மதிப்பெண் கூடுதல். குழந்தைசாமியின் தந்தை வயலை விற்று மகனைப் படிக்க வைத்தார். நாகராசுவின் தந்தை வயலை வைத்துக்கொண்டார். 1963இல், கோட்டைப்பட்டினத்துப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டும் வேலைக்குக் குழந்தைசாமி ஓவர்சியராக வந்தபோது, அவ்வூரில் ஏழாண்டு வேலை பார்த்திருந்த நாகராசு அவனைப் பிறர் முன்னிலையில் ‘சார்’ என்று அழைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதினொரு மதிப்பெண் அவனைத் தவிர எவருக்கும் நினைவில்லை.

குழந்தைசாமி வரைந்த படத்தைக் கண்டதும் நாகராசுவுக்கு ஏற்பட்டதை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். உட்காரும்போது கால் வைக்கும் மிதிகற்கள் மேற்கு நோக்கியிருந்தன. மேற்கே கிப்லா, முஸ்லிம்கள் தொழும் திசை. அத்திசையை நோக்கியோ அதற்கு முதுகு காட்டியோ கழிப்பறையில் உட்காரும் வழக்கம் அவ்வூரில் இல்லை. எல்.சி.இ. படித்தவன் ஊர் நடுவே தலைகுனிந்தால் அந்தப் படிப்பின் மதிப்பு தெரிந்துவிடும், இரண்டாயிரமும் மிஞ்சும். வாயைத் திறக்காதிருந்தால் போதும்.

சாந்து சுமந்த மூக்காயிதான் கேட்டாள்: "ஏன் கொத்தனாரே, இங்கிட்டு மேக்க பாத்து வைக்க மாட்டாகளே?"

"ஓவர்சியர் வரைஞ்சது. நீ சாந்தைக் கொண்டா."

"ஒங்க மச்சான்தானே? ஒரு வார்த்தை சொன்னா வாயில உள்ள முத்து உதுந்துருமாக்கும்!"

நாகராசு நீர்மட்டம் வைத்துப் பார்த்து, நான்கு அறைகளிலும் மிதிகற்களைத் தவறான திசையில் மிகச் சரியாகப் பதித்தான்.

நான்காம் நாள், பள்ளிக்கு இடம் கொடுத்த வியாபாரி முகமது இப்ராஹிம் வந்தார். ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார்.

"ஓவர்சியர் தம்பி, இதுல உக்காந்தா எங்கிட்டுப் பாக்கும்?"

"மேக்கங்க."

"எங்க புள்ளைக எங்கிட்டுப் பாத்துத் தொழுவுது?"

குழந்தைசாமியின் முகம் வெளுத்தது. நாகராசு காத்திருந்த கணம் அதுவே. அது மிகக் குறுகியதாக இருந்தது.

"தப்பு என்னுதுதாங்க. விசாரிக்காம வரைஞ்சுட்டேன்" என்ற குழந்தைசாமி, சிமெண்ட் மூட்டை மேல் அமர்ந்து பென்சிலை எடுத்தான். கால் மணி நேரத்தில் புதுப் படம் தயாரானது. முன்சுவரையும் பின்சுவரையும் பெரும்பாலும் அப்படியே விட்டு, குறுக்குச் சுவர்களை மட்டும் இடித்து, ஒவ்வோர் அறையையும் ஓரடி அகலப்படுத்தி, தெற்கே நான்கடி நீட்டினால், மிதிகற்களை வடக்கு நோக்கித் திருப்பிவிடலாம். நாகராசு அப்படத்தில் பிழை தேடினான், கிடைக்கவில்லை. தவற்றை நான்கு நாளாக அறிந்திருந்தவன் அவன். திருத்தும் வழி அந்த நான்கு நாளில் ஒருமுறைகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"படிச்ச புள்ளைன்னா இதுதான்" என்ற இப்ராஹிம், நாகராசுவின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, போன வருசம் எங்க வீட்டுக் கக்கூஸைக் கட்டுனது நீதானே? வடக்க பாத்து வையின்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

தெரியும் என்றால் துரோகி. தெரியாது என்றால் பொய்யன்.

"மறந்துட்டேங்க" என்றான் நாகராசு.

"ஏழு வருசம் இங்கனயே கெடந்து, இதையா மறந்தே?" என்று அவர் சிரித்துவிட்டுப் போனார். மூக்காயி சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

குழந்தைசாமி வேலைக் குறிப்பில் ‘திசைப் பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்திட்டான். நாகராசு அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிழையை ஒப்புக்கொண்டு கையெழுத்திடவும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. அது அவனிடம் இல்லை. அந்தப் பிழையின் மீதே அவனுக்குப் பொறாமை வந்தது.

"சொல்லியிருக்கலாம்ல மாப்ளே" என்றான் குழந்தைசாமி, ஆட்கள் அகன்ற பின். கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"நாளைக்கு வரமாட்டேன். திருச்சி போறேன், எல்.சி.இ.க்கு அப்ளிகேஷன் குடுக்க."

குழந்தைசாமியின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "நல்லதா போச்சு! என் புஸ்தகமெல்லாம் வீட்டுலதான் கெடக்கு, எடுத்துக்க. நோட்டும் இருக்கு."

"வேணாம். புதுசா வாங்கிக்கிறேன்" என்றான் நாகராசு.

புத்தகச் செலவு இன்னும் தொண்ணூறு ரூபாய் ஆகும் என்பதை மறுநாள் பேருந்தில்தான் கணக்கிட்டான். அந்தத் தொகை மட்டும் அவனுக்கு அதிகமாகத் தோன்றவில்லை.