மாடி வீட்டு டிவியில் வந்த படம்

"கல்யாணமான பொம்பள பாக்குற படமாடி அது?"

"நான் பார்த்தா தப்பு, நீ பார்த்தா இன்னா?"

பம்மலில் எங்கள் கீழ் வீட்டில் அந்தத் திங்கட்கிழமை காலை. கத்தியவன் வெற்றிவேல், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை சூப்பர்வைசர். பதில் சொன்னவள் அவன் மனைவி கோகிலவாணி. மாடியில் குடியிருக்கும் நான் துணி எடுக்கிற சாக்கில் படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். கொடியில் ஒரு துண்டுதான் இருந்தது.

மூட்டிவிட்டவளும் நான்தான். வீட்டு ஓனர் துளசிங்கம் இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை போட்டிருக்கிறார். டிவியும் ஒரே கம்பெனி, ஆடித் தள்ளுபடியில் சேர்ந்து போய் வாங்கியது. கீழே போனிலிருந்து டிவிக்கு அனுப்புவது சில சமயம் என் டிவியில் வந்துவிடும். முந்தின நாள் மதியம் என் டிவியில் சீரியல் நின்று ஒரு ஜப்பான்காரி வந்தாள். மீன் வறுத்தாள். இரண்டு தட்டு வைத்தாள். புருஷன் போன் செய்தான்; பாஷை தெரியாவிட்டாலும், வர நேரமாகும் என்கிறான் என்று புரிந்தது. தனியாகச் சாப்பிட்டாள். குடும்பப் படம் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்துப் பக்கத்து வீட்டுக்காரன் பல்பு மாட்ட வந்தான். பல்பு மாட்டியதாகத் தெரியவில்லை. டிவியை அணைத்தேன். உடனே அல்ல.

காலையில் பைக்கை எடுத்த வெற்றிவேலிடம் நல்லதுக்குத்தான் சொன்னேன்: "தம்பி, உன் போன்ல பாக்குறதெல்லாம் என் டிவில வருது. நேத்து மத்தியானம் வந்திச்சு."

நேற்று மதியம் அவன் ஓவர்டைமில் அல்லவா இருந்தான்! பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

"எவன்டி பழக்கி வுட்டான்?"

"எவனும் இல்ல. உன் போன்ல இருந்ததுதான், என் போனுக்கு அனுப்பிகினேன். அப்படி இன்னாத்த பாக்குறேன்னு பார்த்தேன். நீ தள்ளிவுட்டு மத்தத பார்த்திருப்ப. நான் அவ தட்டு வெச்சிகினு உக்காந்திருந்தத மூணு வாட்டி பார்த்தேன்."

"கத்தாத. மேல அக்கா கீறாங்க."

"கேக்கட்டும். பாதிப் படம் பார்த்தவங்கதான."

துண்டை மடித்தேன்.

"அதுல புருஷன் ஓவர்டைம்னுட்டு இன்னொருத்தி வூட்ல கீறான். அப்பதான் பட்டறைக்கு போன் அடிச்சேன். வாட்ச்மேன் எடுத்தாரு. ஞாயித்துக்கிழமை பட்டறையே தொறக்கறதில்லையாம்."

பிறகு அவள் குரலை இறக்கிவிட்டாள். இரண்டு படி இறங்கித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"போறது கூட போவட்டும். வூட்ல இருக்கறப்ப எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசினா இன்னா கொறஞ்சி பூடுவ?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். என்னைப் பார்க்கவில்லை.

கோகிலவாணி அந்த மாதமே வண்டலூரில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மருந்துக்கடையில் வேலையாம். விவாகரத்து ஆனதும் வெற்றிவேல் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரியையே கட்டிக்கொண்டு இதே கீழ் வீட்டுக்குக் கூட்டிவந்தான். வினிதா என்று பெயர். போன ஞாயிறு மதியம் முதல் தடவையாக மாடியேறி வந்தாள்.

"அக்கா, அவரு ஓவர்டைம் போயிட்டாரு. சும்மா உக்காந்திருந்தா பேஜாரா கீது. வைஃபை பாஸ்வேர்டு இன்னா?"

பாஸ்வேர்டை மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?