காத்திருப்புக்கு ஒரு கட்டம்

அந்த அலுவலகத்தில் அவனுக்கு மீட்டர் என்று பெயர். அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முதலாளி, அவன், பக்கத்து நாற்காலியில் அவனுடைய சொந்தத் தங்கை, அவ்வளவுதான். டீ ஆற எவ்வளவு நேரமாகும், லிப்ட் மேலே வர எத்தனை நொடி ஆகும் என்று எதையாவது அளந்துகொண்டே இருக்கும் ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி படமாக்கிக் கொடுப்பது அவர்கள் தொழில். தங்கை அறைகளை வரைந்து, நிறம் பூசி, வெளிச்சம் வைப்பாள். பிறகு கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஒளிக்கதிராகக் கணக்குப் போட்டு, நிஜப் புகைப்படம் போல ஒன்றைக் கொடுக்கும். அதைத் திருத்தி அனுப்புவது மீட்டரின் வேலை. கணினிகளைப் பார்த்துக்கொள்வதும் அவன் தலையில்தான். தங்கையின் கார்டு வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த உலகத்தில் ஆறு வருடம் என்றால் கிழம்.

தங்கைக்கு இது வெறும் வேலை இல்லை. புருஷன் வீட்டிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், ஒரு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் சமையலறையில் பாத்திரங்கள் வைக்கப்படும் சத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டே தங்கை பாதியாகிப் போனாள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற தைரியத்தில்தான் இரண்டு அறை வீடு ஒன்றைப் பிடித்துத் தனியாகப் போனாள். போன பிறகுதான் அவள் முகத்தில் மறுபடி சிரிப்பைப் பார்த்தான் மீட்டர்.

அந்தச் சிரிப்புக்கும் பழைய கார்டு உலை வைத்தது. படம் முடியாமல் அவள் கிளம்ப முடியாது. மகள் பக்கத்து வீட்டுச் சோபாவில் தூங்கிப் போவாள். புதுக் கார்டு வாங்கலாம் என்று முதலாளியிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சரி, வாயால் சொன்னால் எடுபடாது, அளந்து காட்டுவோம் என்று கிளம்பினான். தெரிந்த கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு புதுக் கார்டை வாங்கி வந்து, கண்ணாடியும் எவர்சில்வருமாக மின்னும் ஒரே சமையலறைப் படத்தை இரண்டிலும் ஓட்டினான். பழையது இருபது நிமிடம் எடுத்ததைப் புதியது நான்கு நிமிடத்தில் முடித்தது. பழையதில் நினைவகம் எட்டு ஜிபி; பெரிய கூடம் ஒன்றைக் கொடுத்தால் மூச்சு திணறி நின்றுவிடும், தங்கை அதை இரண்டாக வெட்டி வெட்டிக் கொடுப்பாள். புதியதில் பதினாறு, முழுசாக விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. புதியது மின்சாரம் கூடுதலாக இழுத்தாலும் சீக்கிரம் முடிப்பதால் படத்துக்குப் படம் செலவு குறைவுதான். சூடு, விசிறிச் சத்தம் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் கட்டம் போட்டான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவானா? காத்திருப்பு நேரம் என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்தான். கார்டு ஓடிக்கொண்டிருக்க, தங்கையின் கை மவுஸில் இல்லாத ஒவ்வொரு நிமிடத்தையும் ஒரு வாரம் பின்னால் உட்கார்ந்து குறித்தான். தினம் மூன்று மணி நேரத்துக்குக் குறையவில்லை. அவளுக்கும் தெரியும். தன் டிபன் டப்பாவில் பாதியை அவனிடம் நீட்டி, "நல்லா எழுதுண்ணா, அப்பவாவது வாங்கித் தரட்டும்" என்றாள்.

அந்த மூன்று மணி நேரமும் அவள் சும்மா இருக்கவில்லை. முடிந்த படங்களை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு பார்ப்பாள். கதவுக் கீல் தப்பான பக்கம் இருப்பது, நிழல் சூரியனை நோக்கியே விழுவது, மாடிப்படி உத்தரத்தில் இடிப்பது எல்லாம் அப்போதுதான் அவள் கண்ணில் படும். இன்ஜினியருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாள். ஆனால் அளக்கிறவனுக்குக் கார்டு ஒன்றுதான் கணக்கு. கை மவுஸில் இல்லையென்றால் காத்திருப்பு.

முதலாளி தாளைப் படித்துவிட்டுப் பாராட்டினார். அன்றைக்கே புதுக் கார்டுக்குச் சரி என்றார். இனிமேல் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்று தங்கை மகளிடம் போனில் சொன்னாள். மீட்டர் தான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு வாரம் திரிந்தான்.

கார்டைப் பொருத்திய வாரமே முதலாளி தங்கையை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். இந்த வேகத்துக்கு இரண்டு பேர் தேவையில்லையாம், அண்ணனே இரண்டையும் பார்த்துக்கொள்வானாம். மீட்டர் உள்ளே ஓடினான். அது காத்திருப்பு இல்லை சார், அவள் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் என்று தடுமாறினான்.

முதலாளி கோபப்படவில்லை. தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "அது இதுல எந்தக் கட்டத்துல இருக்கு? நீங்க அளந்ததைத்தானே நான் படிச்சேன்."

அவன் வெளியே வந்தபோது தங்கை பையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனான். உனக்காகத்தான் செய்தேன் என்றான். சத்தியமாக அது உண்மை. உண்மையாக இருந்து என்ன பயன்? வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் நம் வீட்டுக்கே வந்துவிடு என்றும் சொன்னான்.

அவள் நின்றாள். "அவர் என்னைச் சோம்பேறின்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். நீ அளந்து குடுத்திருக்கே, நான் என்னன்னு சண்டை போடறது?" குரல் உயரவேயில்லை. "உன் வீட்டுக்கு வர்றேன். பாப்பாகிட்ட மட்டும் நீயே வந்து சொல்லிடு. மறுபடி அத்தை வீட்டுக்குப் போறோம்னு என்னால சொல்ல முடியாது."

இன்றைக்கே வந்து சொல்கிறேன் என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மேலிருந்து முதலாளியின் குரல் கேட்டது. படம் முடிந்துவிட்டதாம், அடுத்ததைப் போட வேண்டுமாம், சாயங்காலத்துக்குள் இன்னும் பதினோரு படம் போக வேண்டுமாம். பழைய கார்டாக இருந்திருந்தால் அவளைப் பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டு வர நேரம் இருந்திருக்கும்.

"போ, கூப்பிடறாரு" என்றாள் தங்கை. அவன் போனான்.